தண்ணீர் ஊற்றக் கூடாத அறை

நேற்று நீ தொலைபேசியில் பேசியது ஒரு நிமிடம்கூட இருக்காது. "மேல் ரூம்ல டைல்ஸ் போட்டுடலாம் சித்தி. வெள்ளையில பார்த்து வச்சிருக்கேன். திங்கக்கிழமை கொத்தனார் வருவாரு, கதவ மட்டும் தொறந்து வைங்க" என்றாய். நான் "சரிப்பா" என்றேன். சாப்பிட்டாயா என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாய். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. தை மாதம் கல்யாணம், இங்கே பக்கத்து வேங்கிக்கால் அலுவலகத்துக்கு மாற்றல், கூட வருகிற பெண்ணுக்கு ஒரு வீட்டைத் தயார் செய்ய வேண்டும் என்கிற பதற்றம். எல்லாவற்றுக்கும் நடுவில் இந்த வீட்டில் நீ தங்குவதற்கு இருப்பது அந்த ஓர் அறைதான். அந்த அறையின் தரையைப் பற்றி நீயும் நானும் ஒரு வருடமாக ஒரு வார்த்தை பேசவில்லை. நேருக்கு நேர் நின்று பேச எனக்கு வராது, உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். திங்கட்கிழமைக்கு முன் இதை நீ படித்துவிட வேண்டும் என்பது மட்டுமே என் வேண்டுதல்.

உனக்கும் எனக்கும் பதினாறு வயதுதான் வித்தியாசம். உன் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட வரும்போதெல்லாம் "அக்காவா?" என்று கேட்பார்கள். நீ சுவரைப் பார்ப்பாய். நான் "வீட்ல இருந்து வந்திருக்கேன்" என்று மட்டும் சொல்வேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. இன்றைக்கும் முழுதாகத் தெரியவில்லை. ஆகவே இதை ஒரு தாயின் புத்திமதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மரத்தரையை இத்தனை வருடம் துடைத்தவள் சொல்வது என்று எடுத்துக்கொள்.

அந்தத் தரை எப்படி வந்தது என்பதை உன் அப்பா எனக்குச் சொன்னது போல உனக்குச் சொன்னாரா என்று தெரியவில்லை. நீ அப்போது சின்னப் பிள்ளை. உன் அம்மாவுக்கு மூட்டெல்லாம் வீங்கி, காலைத் தரையில் வைத்தாலே வலிக்கும். மார்கழியில் மாடி அறையின் சிமெண்டுத் தரை ஐஸ் போல இருக்கும். காலை எழுந்ததும் முதல் அடி வைப்பதற்குக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து அழுவாராம். சாக்கு விரித்துப் பார்த்தார்கள், ஜமுக்காளம் விரித்துப் பார்த்தார்கள். அது சுருண்டு காலைத் தடுக்கி ஒருமுறை விழுந்தும்விட்டார். அப்போதுதான் வேலூர் பக்கம் இடித்த பழைய வீட்டின் தேக்குப் பலகைகளை வாங்கி, சிமெண்டின் மேல் மரச்சட்டம் அடித்து, அதன் மேல் பலகைகளைப் பதித்து ஒரு தரை போட்டார் உன் அப்பா. தெருவில் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். இந்த ஊரில் ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதிகளில்தான் அதெல்லாம் போடுவார்கள். "மாடிய வாடகைக்கு வுடப் போறியா?" என்று கேட்டார்களாம். போவதற்கு முன் உன் அம்மா அந்தத் தரையில் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் நடந்தார். வலி நின்றதா என்று உன் அப்பாவிடம் கேட்டேன். "வலி நிக்கல. குளிர் நின்னுது. அதுவே பெருசுனு சொன்னா" என்றார்.

நான் இந்த வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் உனக்கு நினைவிருக்கிறதா? மாடியைத் துடைக்கலாம் என்று ஒரு வாளித் தண்ணீரோடு வந்தேன். ஜன்னலுக்குக் கீழே ஒரு பலகையில் கருப்பாக ஒரு வட்டம் இருந்தது. பாத்திரத்துக் கறை என்று நினைத்தேன். துணியோடு நான் குனிவதற்குள் நீ ஓடிவந்து இரண்டு காலையும் சேர்த்து அதன் மேல் நின்றுகொண்டாய். ஒன்பது வயது. அரைக்கால் சட்டை, கையில் பாதி தின்ற வாழைப்பழம். "தள்ளுப்பா, துடைக்கணும்" என்றேன். "இத துடைக்கக் கூடாது" என்றாய். "ஏன்?" என்றேன். நீ சொல்லவில்லை. வாழைப்பழத்தையும் தின்னவில்லை. நான் மற்ற இடமெல்லாம் துடைத்துவிட்டுத் திரும்பும்வரை அங்கேயே நின்றாய். சாயங்காலம் உன் அப்பா சொன்னார். கார்த்திகை தீபத்தன்று எல்லோரும் மொட்டை மாடிக்குப் போய்விட, நடக்க முடியாத உன் அம்மா அந்த ஜன்னலருகே உட்கார்ந்து, மலையில் தீபம் தெரிந்ததும் ஓர் அகலை ஏற்றித் தரையிலேயே வைத்திருக்கிறார். மரம் சுடும் என்று தோன்றவில்லை. வாழ்நாளெல்லாம் சிமெண்டுத் தரையில் விளக்கு வைத்த கை. அந்தச் சூடுதான் அந்த வட்டம்.

அன்றைக்கு உன் அப்பா இன்னொன்றும் செய்தார். என் கையிலிருந்த துணியை வாங்கி, வாளிக்கு மேலே பிடித்து, ஒரு சொட்டும் விழாத வரை முறுக்கினார். "இந்த ரூம்ல மட்டும் தண்ணிய ஊத்தாத. ஈரம் தெரிஞ்சா போதும், தண்ணி தெரியக் கூடாது" என்றார். அது எனக்கு வராமல் எத்தனை நாள் தவித்தேன் தெரியுமா? நம் வீடுகளில் சுத்தம் என்றால் தண்ணீர்தான். வெள்ளிக்கிழமையானால் வீட்டைக் கழுவ வேண்டும், பொங்கலுக்குக் கழுவ வேண்டும், தீட்டென்றால் கழுவ வேண்டும். வாளியைச் சாய்த்து, துடைப்பத்தால் தள்ளி, வாசல் வழியே தண்ணீர் ஓடுவதைப் பார்த்தால்தான் நமக்கு மனசு ஆறும். கழுவாத அறை ஒன்று வீட்டுக்குள் இருப்பது முதல் மாதங்களில் எனக்கு உடம்பில் ஓர் இடம் குளிக்காமல் இருப்பது போல இருந்தது. உன்னோடு வருகிறவளுக்கும் அப்படித்தான் இருக்கும். திட்டாதே. அவள் கையில் துணியைக் கொடுத்து நீயே முறுக்கிக் காட்டு. பலகை ஓடும் வாக்கில் துடைக்க வேண்டும், குறுக்கே அல்ல. பின்னாலேயே ஓர் உலர்ந்த துணி வர வேண்டும். அது உன் வேலையாக இருக்கட்டும். உன் அப்பா முன்னால் துடைத்துப் போக நான் பின்னால் உலர்த்திப் போவேன். அதிகம் பேசாத இரண்டு பேர் கல்யாணமான புதிதில் ஒன்றாகச் செய்ய ஒரு வேலை கிடைத்தது. அந்தத் தரைக்கு அதற்காகவும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

தண்ணீரைவிடத் தினமும் கெடுப்பது மண். இந்த ஊரில் பாதிப் பேர் வெறுங்காலோடு நடக்கிறவர்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி உறவுக்காரர்கள் கிரிவலம் முடித்து நேராக மாடிக்கு வந்து காலை நீட்டுவார்கள். அவர்கள் பாதத்தில் ஒட்டியிருக்கும் பொடிக்கல் மரத்தில் உப்புத்தாள் போல வேலை செய்யும். உன் அப்பா அவர்களை ஒன்றும் சொல்ல மாட்டார். படிக்கட்டின் கீழே ஒரு குழாய் வைத்தார், மேலே கதவருகே இரண்டு மிதியடி போட்டார். ஒருமுறை உன் அத்தை, "என்னாடா, கருவறைக்குப் போற மாதிரி கால கழுவ சொல்ற? உள்ள எந்த சாமி இருக்குது?" என்று கேட்டார். உன் அப்பா, "சாமி இல்லக்கா, மரம். சாமியா இருந்தா மன்னிச்சிடும்" என்றார். அதற்கப்புறம் அத்தைதான் எல்லோரையும் கால் கழுவச் சொல்லி அதட்டினார். பூந்துடைப்பத்தால் மட்டும் பெருக்கு. ஈர்க்குத் துடைப்பத்தை மேலே கொண்டுபோகாதே. கட்டிலை இழுக்காதே, இரண்டு பேர் தூக்கி வையுங்கள். கால்களுக்கு அடியில் நான் பழைய ஜமுக்காளத்தை வெட்டி ஒட்டியிருக்கிறேன். தேய்ந்தால் மாற்று. மேற்கு ஜன்னலுக்குத் திரை போட்டே வை. சித்திரை வெயில் விழுகிற இடம் மட்டும் வெளுத்துவிடும். விரித்த பாயை ஒரே இடத்தில் மாதக்கணக்கில் விடாதே, எடுத்துப் பார்த்தால் பாயின் நிழல் மரத்தில் நிற்கும்.

கோடையில் பலகைகளுக்கு நடுவே இடைவெளி தெரியும். நகம் நுழையும் அளவுக்கு விலகும். பயப்படாதே. உன் அப்பா முதல் கோடையில் பயந்து, ஆசாரிகள் விரிசலில் அப்பும் மர மக்கை வாங்கி வந்து அத்தனை இடுக்கையும் அடைத்திருக்கிறார். மழை வந்ததும் பலகைகள் விரிய இடமில்லாமல், அடைத்ததெல்லாம் பற்பசை போல மேலே பிதுங்கி வந்ததாம். ஒரு பலகை ஆணியோடு கிளம்பிவிட்டது. அதைச் சொல்லும்போதெல்லாம் அவருக்குச் சிரிப்பு வரும். "வெயில்ல தள்ளி நிக்கும், மழையில ஒட்டிக்கும். நாம நடுவுல பூந்து அடைக்கக் கூடாது" என்பார். நான் உன்னோடு பழகியதும் ஏறக்குறைய அந்த முறையில்தான். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து நீ சென்னைக்குப் போன வருடம் தொலைபேசியில் என்னோடு பேசவே மாட்டாய். அடுத்த வருடம் அம்மை போட்டுத் திரும்பி வந்தபோது வேப்பிலையோடு நான் உட்கார்ந்திருந்தேன். நீ தூக்கத்தில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாய். எழுந்ததும் விட்டுவிட்டாய். நான் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

வருடத்துக்கு ஒருமுறை எண்ணெய் போட வேண்டும். ஹார்டுவேர் கடையில் லின்சீட் ஆயில் என்று கேள், ஆளி விதை எண்ணெய். மெல்லிய பூச்சாகத் தடவி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, மிச்சத்தை முழுக்கத் துடைத்து எடுத்துவிடு. விட்டால் பிசுபிசுவென்று நிற்கும். அந்த எண்ணெய்த் துணியை மட்டும் சுருட்டி மூலையில் போட்டுவிடாதே. தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், நம்பு. கொடியில் விரித்துக் காயவைத்து அப்புறம் குப்பையில் போடு. சுவரோரப் பலகைகளை அவ்வப்போது விரலால் தட்டிப் பார். கரையான் இருந்தால் சத்தம் வெறுமையாக வரும். கதவைத் தாண்டி இரண்டாவது பலகை கிரீச்சென்று கத்தும். இடுக்கில் முகப்பவுடர் கொட்டினால் சத்தம் நின்றுவிடும். உன் அப்பா கடைசிவரை கொட்டவில்லை. உன் அம்மா எழுந்து நடந்தால் கீழே தனக்குத் தெரிய வேண்டும் என்று விட்டு வைத்தது. பிறகு நீ எழுந்தால் தெரியட்டும் என்று நாங்கள் விட்டு வைத்தோம்.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

உன் அப்பா போன அன்று நீ சென்னையிலிருந்து வந்து சேர்வதற்குள் எல்லா ஏற்பாடும் முடிந்திருந்தது. சாப்பிட்டுவிட்டு மேலே உன் அறையில் பாய் போட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். நீ கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாய். ஆண்கள் எல்லோரும் உன் பின்னால் போனார்கள். தெருமுனைவரை வந்த பெண்கள் வழக்கப்படி திரும்பிவிட்டோம். இங்கே நடந்தது உனக்குத் தெரிய வழியில்லை. பிணம் எடுத்த வீட்டைக் கழுவ வேண்டும் அல்லவா? ஆளுக்கொரு வாளி எடுத்துக் கூடத்தையும் சமையலறையையும் கழுவிக்கொண்டிருந்தார்கள். என்னைத் தலையில் தண்ணீர் ஊற்றி ஈரப் புடவையோடு ஒரு பக்கமாக உட்கார வைத்திருந்தார்கள். அப்போது உன் அத்தை ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார். முட்டி வலியில் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறுகிறவர், அன்றைக்குக் கைப்பிடியைத் தொடவில்லை. நான் எழுந்து பின்னாலேயே ஓடினேன். யாரோ "நீ உக்காரும்மா" என்றார்கள். உட்காரவில்லை.

"அண்ணி, இங்க தண்ணி வேணாம். ஈரத்துணியால துடைச்சிடலாம்" என்றேன். கதவை மறித்துத்தான் நின்றேன்.

அத்தை என்னைப் பார்த்தார். "துடைக்கிறதா? உசுரு போன எடத்த வுட்டுட்டு மத்ததெல்லாம் கழுவிட்டு போறதா?"

"அவருக்குப் பிடிக்காது அண்ணி."

"அவனுக்கு எது புடிக்கும், எது புடிக்காதுனு நீ எனக்கு சொல்லாத. எங்கம்மா போனப்ப அவனுக்கு மூணு வயசு. நான்தான் குளிப்பாட்டுனேன். சோப்பு கண்ணுல பட்டா கத்துவான். இன்னிக்கும் நான்தான் குளிப்பாட்டுவேன். நவுரு."

வாளித் தண்ணீர் அத்தையின் காலிலேயே சிந்திக்கொண்டிருந்தது. உன் அப்பாவைக் கடைசியாகக் குளிப்பாட்டியது ஆண்கள். அத்தையைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார்கள். நான் நகர்ந்தேன். அவர் மண்டியிட்டு, பாய் விரித்திருந்த இடத்தில் தண்ணீரை ஊற்றி, கையாலேயே தேய்த்தார். மஞ்சள் தண்ணீர். ஒரு குழந்தையின் முதுகைத் தேய்ப்பது போலத் தேய்த்தார். திரும்பக் கீழே போய் இன்னொரு வாளி. இன்னொன்று. யாரையும் தொடவிடவில்லை. ஓடிப்போக வழியில்லாத தண்ணீர் பலகை இடுக்குகளில் இறங்குவதைக் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு உயிர் போன இடத்தில் விளக்கு வைத்து, ஜன்னலைச் சாத்தி, காரியம் முடியும்வரை யாரும் புழங்கக் கூடாது என்று கதவை மூடினார்கள். வெளியே ஐப்பசி மழை.

காரியத்தன்று கதவைத் திறந்தவன் நீ. பலகைகளின் அடிப்பக்கம் ஈரத்தைக் குடித்து விரிந்திருந்தது. மேல்பக்கம் காய்ந்து சுருங்கியதால் ஒவ்வொரு பலகையும் ஓரம் தூக்கி நடுப் பள்ளமாகி, தரை முழுக்க ஓட்டை மல்லாத்தி அடுக்கியது போலக் கிடந்தது. நீ கீழே வந்து, கூடத்தில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்க, என் பக்கத்தில் குனிந்து மெதுவாகக் கேட்டாய். "உங்க வீட்டுத் தரையா இருந்தா இப்படி விட்டிருப்பீங்களா சித்தி?"

நான் பதில் சொல்லவில்லை. சமையலறையில், நாலடி தூரத்தில், உன் அத்தை அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார். என் பதிலில் அவர் பெயர் வர வேண்டியிருந்தது. தம்பியைத் தூக்கிக்கொடுத்த பெண்ணிடம், நீ குளிப்பாட்டியதுதான் கெடுத்தது என்று எப்படிச் சொல்வது? அதனால்தான் பேசாமல் நின்றேன். நீ அதை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டாய். நான் அந்த வாளியைப் பிடுங்கியிருக்க வேண்டும் என்று நீ இப்போது நினைக்கலாம். நினைத்துக்கொள். ஆனால் இதை மட்டும் உன்னிடம் பொய்யாகச் சொல்ல மாட்டேன்: மறுபடி அந்தக் கதவருகே நின்றாலும் நான் நகர்ந்துதான் நிற்பேன். பலகையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பிறகு பார்த்துக்கொண்டேன். நீ கிளம்பிப்போனதும் ஆசாரியைக் கூப்பிட்டேன். அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "இப்பவே இழைப்புளி போட்டு ஓரத்த சீவி வுட்டா மட்டமாயிடும்மா. இல்லனா பேத்துட்டு டைல்ஸ் போடுங்க, ரெண்டு நாள் வேலை" என்றார். ஒருமுறை ஜன்னலோரம் சாரல் பட்டு ஒரு பலகை தூக்கியபோது உன் அப்பா சொன்னது எனக்கு நினைவிருந்தது. ஈரமாக இருக்கும்போது தூக்கிய ஓரத்தைச் சீவிவிட்டால், பின்னால் காய்ந்து படியும்போது அந்த ஓரங்கள் கீழே போய்விடும், நடு மேடாகிவிடும். அப்புறம் அதைச் சரிசெய்யவே முடியாது. அதனால் காயட்டும் என்றேன். சுவரோரமாக ஒரு வரிசைப் பலகையை மட்டும் எடுக்கச் சொல்லி, அடியில் காற்றுப் போக வழி செய்தேன். மழை விட்ட நேரம் ஜன்னலைத் திறப்பேன், மேகம் வந்தால் ஓடிப்போய்ச் சாத்துவேன். மின்விசிறி ஓடிக்கொண்டே இருந்தது. மார்கழி போனது, தை போனது. தினமும் காலை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பேன். சட்டென்று எதுவும் சரியாகிவிடவில்லை. பங்குனியில் ஒரு நாள், கதவோரத்துப் பலகை ஒன்றின் விளிம்பு கைக்கு உறுத்தவில்லை. அன்றைக்குத்தான் உன் அப்பா போனதற்கு நான் தனியாக, சத்தமாக அழுதேன். பக்கத்து வீட்டில் கேட்கும் என்கிற நினைப்பில்லாமல்.

சித்திரையில் உன் அத்தை வடகம் காயப்போட மொட்டை மாடிக்கு வந்தார். குரங்கைத் துரத்தக் கம்பு தேடி அறைக்குள் எட்டிப் பார்த்தவர் நின்றுவிட்டார்.

"என்னா இது, மரத்த பேத்து வச்சிருக்க?"

"காயுது அண்ணி."

"மழைத் தண்ணி உள்ள வந்துதா?"

நான் துணியை மடித்துக்கொண்டிருந்தேன். அத்தை தரையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். "வாயில என்னா கொழுக்கட்டையா? நான் ஊத்துன தண்ணிதான?"

"ஆமா அண்ணி."

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெளியே குரங்குகள் வடகத்தை அள்ளிக்கொண்டு போயின, அவர் திரும்பவில்லை. "அன்னிக்கு அவன் உன்கிட்ட கேட்டானே. அடுப்பாண்ட எனக்கு காதுல வுழுந்துது. என்னா கேக்குறான்னுதான் அப்ப வெளங்கல. நீ கேட்டுக்கினு மரம் மாதிரி நின்ன" என்றார். "உன்ன மாதிரி அழுத்தக்காரிய நான் பார்த்ததே இல்ல" என்றார். திட்டுவது போலத்தான் சொன்னார். ஆனால் சொல்லிக்கொண்டே என் தலையிலிருந்த ஒட்டடையை எடுத்துப் போட்டார். அதற்கப்புறம் எண்ணெய் போடுகிற நாளில் அவரும் வந்துவிட்டார். "இவ்ளோ எண்ணெய்ய தலைக்கு வச்சிருந்தா முடியாவது வளர்ந்திருக்கும்" என்று முனகிக்கொண்டே, மூலை முடுக்கெல்லாம் துடைத்தார். போன வாரம், தீபத்துக்கு வந்திருந்தபோது கேட்டார்: "அவன்கிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" கல்யாணம் முடியட்டும் என்றேன். "முடிஞ்சா? புதுப்பொண்ணு முன்னால வச்சி சொல்லப் போறியா? இப்பவே சொல்லு. பேச வராதுனா எழுது. அதான் பெட்டி பெட்டியா புஸ்தகம் படிச்சியே, இதுக்காவது ஆவட்டும்." இந்தக் கடிதம் அவர் அனுமதியோடுதான் வருகிறது. நீ வந்ததும் முதலில் அவரைப் போய்ப் பார். தரையைப் பற்றிப் பேசாதே. அவர் கையால் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வா.

என் பெட்டிப் புத்தகங்கள் இன்றுவரை கீழேதான் இருக்கின்றன. மேலே வைக்கலாமே என்று உன் அப்பா பலமுறை சொன்னார். நான் அந்த அறையில் என்னுடையது என்று ஒன்றையும் வைத்ததில்லை, ஓர் ஆணிகூட அடித்ததில்லை. அது உன் அம்மாவின் அறை, பிறகு உன்னுடையது. "உங்க வீட்டுத் தரையா இருந்தா" என்று நீ கேட்டதற்கு இவ்வளவு நாள் யோசித்ததில் எனக்குக் கிடைத்த பதில் ஒன்றுதான். என் தரையாக இருந்திருந்தால், அன்றைக்கே ஆசாரியைச் சீவச் சொல்லியிருப்பேன். இவ்வளவு பொறுமை எனக்கு இருந்திருக்காது.

தலைதிவசத்துக்கு வந்தபோது நீ மாடி ஏறவில்லை. ஏறியிருந்தால் பார்த்திருப்பாய். பாதிக்கு மேற்பட்ட பலகைகள் வெயிலில் தாமாகவே படிந்துவிட்டன. படியாதவற்றை ஆடி மாதம் ஆசாரி மெல்லிசாக இழைத்தார். இரண்டு பலகைகள் வெடித்துவிட்டன, மாற்ற வேண்டியிருந்தது. புதியவை நிறத்தில் ஒட்டாமல் தெரியும். திங்கட்கிழமை கொத்தனார் வந்தால் நான் கதவைத் திறந்து வைப்பேன். எதுவும் சொல்ல மாட்டேன். வீடு உன்னுடையது, வாழப்போவது நீங்கள் இருவரும். வெள்ளை டைல்ஸ்தான் வேண்டும் என்றால் போடு. உடைக்காமல் பெயர்க்கச் சொல், அது போதும். ஆனால் அதற்கு முன் ஒரே ஒருமுறை நீ வா. குழாயடியில் காலைக் கழுவி, நன்றாகத் துடைத்துக்கொண்டு, வெறுங்காலோடு ஜன்னல்வரை நடந்து பார். கதவைத் தாண்டியதும் பலகை கத்தும். கீழே நான் இருப்பேன். நீதான் என்று தெரிந்துகொள்வேன்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஜன்னலுக்குக் கீழே, கருப்பு வட்டம் இருக்கிற பலகை முழுதாகப் படியவில்லை. ஒரு பக்க ஓரம் இன்னும் தூக்கித்தான் நிற்கிறது. ஆசாரி கடைசியாக இழைப்புளியை எடுத்துக்கொண்டு அதனிடம் வந்தார். சீவினால் மேடு போகும், வட்டமும் போகும். நான் என்ன சொல்வதென்று தெரியாமல், இரண்டு காலையும் சேர்த்து அதன் மேல் நின்றுகொண்டேன். "காலை எடும்மா, இது ஒண்ணுதான் பாக்கி" என்றார். எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டார். எனக்கும் சொல்ல வரவில்லை. அவர் கருவிகளைப் பையில் போட்டுக் கட்டி, படியிறங்கும்வரை அங்கேயே நின்றேன்.

நடக்கும்போது அந்த இடத்தில் கால் தடுக்கும். அவளிடம் முதல் நாளே சொல்லிவை.